நூற்றுக்குப் பதிமூன்று பிடித்தம்

அத்தியாயம் 5

பஞ்சாலை எங்கள் ஆபீஸ் படியேறி வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். நாலு மணிக்குள் இருபத்தோராயிரம் வெள்ளி கட்டாவிட்டால் அவருடைய வீடு வேறு ஆளுக்குப் போய்விடும். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார். நான் அப்போதுதான் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்திருந்தேன். அதைத் திரும்ப மடித்து வைத்தேன். இந்த ரஜியா சாப்பாட்டை மடித்து வைத்தால் விஷயம் பெரிது என்று பாஸுக்குத் தெரியும்.

பாஸ் என்றால் புவனேஸ்வரன். இருபத்தாறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் கிளைம்களைத் தோண்டி எடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தோண்டுகிற கை சும்மா இருக்கவில்லை. போர்டிக்சன் டவுனில் என் அத்தா அப்துல் ஜலீலின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியைப் பிடித்துத் துப்பறியும் ஆபீஸ் போட்டுவிட்டார். நான் அவருக்கு உதவியாளர், டிரைவர், டீ வாங்குபவர், அவர் பேசாத நேரத்தில் பேசுபவர். கடைசியாகச் சொன்னதுதான் முழுநேர வேலை.

பஞ்சாலைக்கு ஐம்பது வயதிருக்கும். புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி, தோட்டத்தை விற்றபிறகு கிளீனிங் கம்பெனி ஆரம்பித்தவர். கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைக்க வேண்டாம். ஆறு பெண்கள், ஒரு பழைய வேன், இரண்டு தண்ணீர் பம்பு, அவ்வளவுதான். கட்டி முடித்த புது வீட்டில் சிமெண்டுக் கறையைச் சுரண்டி, பெயிண்டுத் துளியைத் துடைத்து, தரையைக் கழுவி, சாவி கொடுக்கிற நிலைக்குக் கொண்டு வருவார்கள். அவர் பிறந்த அதே தோட்டத்து மண்ணில் இப்போது வரிசை வரிசையாக வீடுகள் எழும்புகின்றன. இருபது மாதத்தில் ஐந்நூற்றுச் சொச்சம் வீடு கழுவியிருக்கிறார்.

அதில் ஒன்று அவருடையதாக வேண்டியது. பழைய தொழிலாளிகளுக்குக் குறைந்த விலையில் ஒதுக்கிய வீடு, கணவர் சன்னாசியின் பேரில். சன்னாசி மூன்று வருஷமாகப் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. அவர்கள் குடியிருக்கும் தோட்டத்து வரிசை வீடான லயத்தைத் திங்கட்கிழமை இடிக்கிறார்கள். அன்று வெள்ளிக்கிழமை.

"கட்டிலோட அவர எங்க தூக்கிட்டுப் போவேன் சார்?" என்று பாஸைக் கேட்டார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பணம் இல்லாமல் இல்லை, பணம் வரி ஆபீசில் இருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தார். மாதாமாதம் கவரில் வரும் கூலியில் நூற்றுக்குப் பதிமூன்று குறையும். கட்டுமான சைட்டில் வேலை செய்தால் கண்ட்ராக்டரே வரியைப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டிவிடுவான், வருஷக் கணக்கு முடிந்ததும் மொத்தமாகத் திரும்பி வரும், சேமிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. இருபது மாதத்தில் பிடித்தது முப்பத்து நாலாயிரத்து எழுநூற்றுப் பத்து வெள்ளி. அதை நம்பித்தான் வீட்டுக்குக் கெடு போட்டுக் கையெழுத்து வைத்தார். நேற்று சிரம்பானுக்குப் போய் வரி ஆபீசில் கேட்டால், உங்கள் பேரில் ஒரு வெள்ளிகூட வந்து சேரவில்லை என்று கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டியிருக்கிறார்கள்.

ரசீது இருக்கிறதா என்று பாஸ் கேட்டார். பஞ்சாலை ரொட்டி பிளாஸ்டிக் பையிலிருந்து இருபது தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். கண்ட்ராக்டர் கம்பெனியின் தலைப்பு, பிடித்த தொகை, கீழே வரி கட்டியாயிற்று என்று நீல முத்திரை. ஒரு தாள்கூடக் கசங்கவில்லை. பெற்ற பிள்ளையின் சர்ட்டிபிகேட்டை அப்படி வைத்திருப்பார்கள்.

"பதிமூணுன்னு யாரும்மா சொன்னது? பத்தும் மூணுமா?" என்றார் பாஸ்.

"ஆமா சார். பத்தும் மூணும். செவப்பு ஐசிக்காரங்களுக்கு அதான் ரேட்டாம்."

பாஸ் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றுவது நான் சாப்பாட்டை மடிப்பதற்குச் சமம். அப்படி ஒரு சட்டம் உண்மையிலேயே இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். ஆனால் அது வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே கட்டுமான வேலை எடுத்து, பணத்தோடு கப்பலேறிப் போகிற கண்ட்ராக்டருக்கு. ஆள் பறந்துவிடுவானே என்று முதலிலேயே பிடித்து வைப்பது. இந்த ஊரிலேயே குடியிருப்பவருக்கு அது கிடையாது. ஐசி என்கிற அடையாள அட்டை குடியுரிமை இல்லாதவரின் சிவப்பா, குடிமகனின் நீலமா என்று வரி பார்க்காது.

"நான் பொறந்தது ஏழாம் நம்பர் லயம் சார். பொறப்புப் பத்திரம், அந்த சூராட் மட்டும் இல்ல. அதுக்காக என்னை வெளியூர்க்காரின்னா வெச்சிருந்தாங்க?" என்றார் பஞ்சாலை.

இப்படி யாராவது கேட்டால் நான் உடனே வாயைத் திறந்து ஏதாவது உளறுவேன். "கப்பலேறிப் போற ஆளாக்கா நீங்க? வேனையே தள்ளித்தானே ஸ்டார்ட் பண்றீங்க" என்றேன். அவர் உதட்டில் ஓரமாக ஏதோ அசைந்தது. அது போதும் என்று ரசீதுகளை என் பக்கம் இழுத்தேன்.

எல்லா முத்திரையும் மாதத்தின் இருபத்தைந்தாம் தேதி. ஜனவரித் தாளில் என் விரல் நின்றது. போன வருஷம் ஜனவரி இருபத்தைந்து தைப்பூசம். அன்றைக்கு அத்தா கடையை மூடிவிட்டுக் காவடிக்காரர்களுக்கு மோர் ஊற்றினார். நான் கப் கழுவிக் கழுவி விரல் தோலுரிந்தது, மறக்குமா? எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் தைப்பூசத்துக்கு ஆபீஸ் எல்லாம் மூடியிருக்கும். இன்னும் புரட்டினேன். டிசம்பர் இருபத்தைந்து, கிறிஸ்மஸ். பிப்ரவரி இருபத்தைந்து, ஞாயிற்றுக்கிழமை.

"எல்லா மதத்துப் பெருநாளும் விடாம வேலை செய்யுது பாஸ் இந்த வரி ஆபீஸ். இவங்களுக்கு நாமதான் போனஸ் குடுக்கணும்" என்றேன்.

முத்திரை பொய் என்று தெரிந்துவிட்டது. யார் குத்தியது என்பதுதான் பாக்கி. நான் தீர்ப்பே எழுதிவிட்டேன். தைப்பூசத்தன்று தேதி போடத் துணிகிறவன் தமிழனாக இருக்க மாட்டான், கண்ட்ராக்டரின் கணக்குப் பிள்ளை யாரோ அவன்தான் என்றேன். சைட்டில் அக்கவுண்ட்ஸ் பார்ப்பது வோங் என்ற ஒரு சீனர் என்று பஞ்சாலையும் சொன்னார். பாஸ் மூன்றாவது ரசீதை மட்டும் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பதினாலாயிரத்து இருநூற்றைம்பதுக்குப் பதிமூன்று பிடித்தால் ஆயிரத்து எண்ணூற்றைம்பத்திரண்டரை வெள்ளி வரவேண்டும், இங்கே ஐம்பத்து மூன்று என்று முழுசாக இருக்கிறதே, அரை வெள்ளி கூட இருக்கிறதே என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். ஒரு வீடே போகப்போகிறது, இவர் அரை வெள்ளிக்கு அழுகிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

கிளம்பும்போது பஞ்சாலைக்குப் போன் வந்தது. தேவன் என்று பெயர் மின்னியது. அதே சைட்டில் ஸ்டோர் கிளார்க்காக இருப்பவன். இந்தக் கழுவுகிற வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்ததும், சம்பள நாளில் கவரையும் ரசீதையும் கொண்டு வந்து கொடுப்பதும் அவன்தான். கூடப் பிறக்காத தம்பி என்று பஞ்சாலை சொன்னார். வோங் திருட்டுப் பயல்க்கா, ஆனால் இன்றைக்கு அவசரப்பட்டுச் சண்டை போட வேண்டாம், திங்கட்கிழமை நானே கூட வந்து பேசுகிறேன் என்று அவன் போனில் சொன்னது எனக்கே கேட்டது. நல்ல பையன், ஆனால் காலண்டர் பார்க்காத பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மைவி காரில் லுக்குட் வழியாகப் போனோம். எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. முந்த இடமில்லை. பின் சீட்டில் பஞ்சாலை ரொட்டிப் பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் மணி கேட்டார். மூன்றாவது தரம் கேட்டபோது நான் நேரத்தைக் குறைத்துச் சொன்னேன். அல்லா மன்னிக்கட்டும்.

சைட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. வோங் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். இரண்டரைக்குத்தான் வந்தார். அந்த அரை மணி நேரமும் பஞ்சாலை ஆபீஸ் கொட்டகையின் படியில் நின்றுகொண்டே இருந்தார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. எதிரே வெள்ளை வெள்ளையாகப் புது வீடுகள். மூன்றாவது வரிசையில் ஓரத்தில் இருக்கிறது பார், அதுதான் என்று எனக்குக் காட்டினார். போன மாதமே கழுவி முடித்துவிட்டாராம். குளியலறை வாசல் அகலமாக இருக்கிறது, சன்னாசியைச் சக்கர நாற்காலியோடு உள்ளே கொண்டுபோகலாம் என்று அளந்தும் பார்த்துவிட்டாராம். இதைக் கேட்டபின் எனக்கு வோங் மேல் இருந்த கோபம் இரண்டு மடங்காயிற்று.

அந்தக் கோபத்தோடு உள்ளே போய், மேசையில் இருபது ரசீதையும் பரப்பி, மலாயில் நான் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. வோங் சட்டைப் பையிலிருந்து பல்குச்சியை எடுத்து நிதானமாகக் குப்பையில் போட்டார். பிறகு ஒரு ரசீதை எடுத்து முன்னும் பின்னும் பார்த்து, இது எங்கள் தாள், ஆனால் எங்கள் ரசீது இல்லை என்றார். உள்ளூர் கிளீனிங் கம்பெனிக்கு நாங்கள் வரி பிடிப்பதே கிடையாது. மாதாமாதம் முழுப் பணமும் பேங்க் வழியாக அவர்கள் கம்பெனிக் கணக்குக்குப் போகிறது. கவரில் பணம் கொடுக்கிற பழக்கம் தமக்கு இல்லை என்றும் சொன்னார்.

நான் நம்பவில்லை. திருடன் எல்லோரும் இப்படித்தான் பல்குச்சியை நிதானமாகப் போடுவான். ஆனால் பாஸ் வேறு ஒன்று கேட்டார். உங்கள் கணக்கில் வெள்ளிக்குக் கீழே சில்லறை, சென் எப்படி வரும்? வோங் புரியாமல் பார்த்தார். கம்ப்யூட்டர் போடுகிறபடி வரும், ஐம்பது சென் என்றால் ஐம்பது சென், நாங்கள் தொடமாட்டோம் என்றார். அவருடைய பட்டியலைத் திருப்பிக் காட்டினார். எல்லாத் தொகைக்கும் பின்னால் சென் நின்றது. எங்கள் ரசீதுகளில் ஒன்றில்கூடச் சென் இல்லை.

பாஸ் எழுந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டார். என்னையும் கேட்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். கேட்டேன். வோங் எனக்கு ஒரு பல்குச்சி நீட்டினார். இந்த அத்தியாயத்தில் நான் தோற்ற இடம் இது.

வெளியே வந்தபோது மூன்றே கால். பஞ்சாலையின் முகம் சாம்பலாகிவிட்டது. அவர் பொய் சொல்றார் சார், இவங்க எல்லாம் ஒண்ணு என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாஸ் காடியில் ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் மூன்று ரசீதுகளைக் கையில் எடுத்து அவரிடம் காட்டினார்.

முதல் மாதம் ஆயிரத்து எழுநூற்று எண்பத்தேழரை பிடிக்க வேண்டும். எண்பத்தேழுதான் பிடித்திருக்கிறது. இரண்டாம் மாதம் கணக்கு முழு வெள்ளியாகவே வருகிறது, விட்ட அரை வெள்ளி அங்கேயும் சேரவில்லை. மூன்றாம் மாதம் அரை வெள்ளி கூட. "இந்த அரை வெள்ளி எங்கம்மா போச்சு, எங்கேருந்து வந்துச்சு?"

பஞ்சாலை அதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இது தெரியாதா என்பது போலப் பார்த்தார்.

"சில்லற பாக்கி சார் அது. காசு மிஞ்சினா அடுத்த மாசத்துல தூக்கிப் போட்டுருவாங்க. ரெண்டு அரை சேந்தா ஒரு வெள்ளி ஆயிரும். சம்பளக் கவர்ல சில்லறையே இருக்காது. தோட்டத்துல எப்பவும் அப்படித்தானே."

"தோட்டத்துல" என்றார் பாஸ்.

"ஆமா. எங்க அம்மா காலத்துலேருந்து."

வரி ஆபீசில் சில்லறை பாக்கி கிடையாது. வோங்கின் கம்ப்யூட்டருக்கும் அது தெரியாது. தோட்டத்துச் சம்பளப் புத்தகத்தில் வரிசை வரிசையாகப் பேர் எழுதி, மிஞ்சிய சில்லறையை அடுத்த மாதத்துக்குத் தூக்கிப் பழகிய கை ஒன்றுதான், யோசிக்காமலே அப்படி எழுதும். அந்தப் புத்தகத்தை எழுதியது யார் என்று பாஸ் கேட்டார்.

"பெரிய கிராணி. தோட்டத்து ஆபீஸ் கிளார்க்கு. செத்து ஆறு வருஷம் ஆச்சு. கடைசியில கண்ணு தெரியாமப் போயி, அவரு சொல்லச் சொல்ல மகன்தான் எழுதுவான்."

"மகன் பேரு?"

"தேவன்" என்றார் பஞ்சாலை. காடிக் கதவின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். நான் போய் அவர் முழங்கையைப் பிடித்தேன். அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று அந்தக் கை எனக்குச் சொன்னது.

பிறகு மெதுவாக ஒவ்வொன்றாக வந்தது. கம்பெனி தேவன் பேரில் பதிந்திருக்கிறது. சிவப்பு ஐசிக்காரர் கம்பெனி பதிய முடியாது என்று அவன் சொன்னான். பதியலாம் என்று பாஸ் தலையாட்டினார். பேங்க் கணக்கும் அவனுடையது. பணத்தை எடுத்து, நூற்றுக்குப் பதிமூன்றைக் கழித்து, மீதியைக் கவரில் போட்டு, கண்ட்ராக்டர் கொடுத்தார் என்று நீட்டியிருக்கிறான். ஸ்டோரில் கம்பெனித் தாளுக்கா பஞ்சம்? தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பிடித்தம் புதிதில்லை. கோயிலுக்கு, கடைக்கு, சங்கத்துக்கு என்று கிராணி வாசித்தால் கையை நீட்டிக் கவரை வாங்கிக்கொண்டு போவதுதான் பழக்கம். கிராணி மகன் வாசித்தபோதும் பஞ்சாலை கையை நீட்டியிருக்கிறார். ஏன் என்று அவர் கேட்டதில்லை. கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதுமில்லை.

தைப்பூசத்தைப் பற்றி நான் எழுதிய தீர்ப்பும் சந்தி சிரித்தது. ஒரே இருப்பில் வெற்றுத் தாள்களில் வருஷம் முழுவதற்கும் சேர்த்து முத்திரை குத்தி வைத்தவன், காலண்டரை எங்கே பார்க்கப் போகிறான்?

"இப்ப அவன் எங்க?" என்று பாஸ் கேட்டார்.

பஞ்சாலை வீடுகளின் பக்கம் பார்த்தார். "சேல்ஸ் ஆபீஸ்ல சார். இன்னிக்கு அவனுக்கு வூட்டுச் சாவி குடுக்கறாங்க. இதே திட்டத்துல வாங்கியிருக்கான். முந்தாநாள் நாந்தான் கழுவிக் குடுத்தேன். தம்பி வூடாச்சேன்னு காசு வாங்கல."

"ஸ்டோர் கிளார்க் சம்பளத்துல வீடா?" என்றார் பாஸ். மைவியைக் கிளப்பினேன்.

சேல்ஸ் ஆபீஸ் ஏர்கோனில் குளிர்ந்து கிடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் புவான் சல்மியா என்று பெயர்ப்பலகை வைத்த ஒரு மலாய்ப் பெண். இந்தப் பக்கம் இஸ்திரி போட்ட சட்டையில் தேவன். முப்பத்தைந்து வயது, நெற்றியில் விபூதி, முன்னால் ஒரு சாவிக் கொத்து. எங்களைப் பார்த்ததும் எழுந்து, வாங்கக்கா, பணம் கிடைத்துவிட்டதா என்றான். குரலில் அக்கறை சொட்டியது. சாவியை மட்டும் சட்டென்று கைக்குள் இழுத்தான். அதைப் புவான் சல்மியா கவனித்தார். கையெழுத்துப் போடாமல் சாவியைத் தொடக்கூடாது என்று சொல்லித் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். அந்த நிமிஷமே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

பாஸ் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். புவான் சல்மியா முன்னால் தேவனின் கணக்கு அட்டை விரிந்திருந்தது. பாஸ் அதை எட்டிப் பார்க்கவே இல்லை. தயவுசெய்து ஒரு உதவி, நான் சில தொகைகளை வாசிக்கிறேன், இவர் வீட்டுக்குக் கட்டிய முன்பணத்தோடு அவை ஒத்துப்போகாவிட்டால் என்னை வெளியே அனுப்பிவிடுங்கள் என்று மலாயில் பணிவாகச் சொன்னார். பிறகு ரொட்டிப் பையிலிருந்து ரசீதுகளை வரிசையாக எடுத்து வாசித்தார். ஆயிரத்து எழுநூற்று எண்பத்தேழு. ஆயிரத்து அறுநூற்று எழுபத்தேழு. ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்து மூன்று.

அந்தப் பெண்ணின் விரல் அட்டையில் ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஐந்தாவது ரசீதில் அவர் நிமிர்ந்து தேவனைப் பார்த்தார். எட்டாவது ரசீதில் பாஸைப் போதும் என்று கையமர்த்தினார். பாஸ் நிறுத்தவில்லை. இருபதையும் வாசித்து முடித்தார். இருபதும் ஒத்துப்போயின. பிடித்த பணத்தைப் பிடித்த வாரத்திலேயே கொண்டுவந்து கட்டியிருக்கிறான், ஒரு வெள்ளி கூடாமல் குறையாமல்.

பஞ்சாலை அதுவரை நின்றுகொண்டிருந்தார். இப்போதுதான் அவருக்கு முழுசாக விளங்கியது. அவர் கழுவிக் கொடுத்த வீடு அவர் பணத்தில் வாங்கிய வீடு.

"சிங்க் அடியில சிமெண்டு ஒட்டியிருக்குன்னு மண்டி போட்டுச் சுரண்டுனேன்டா" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

தேவன் மறுக்கப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு பேசினான். தொழிலாளிகளுக்கு மட்டும்தான் சலுகை விலையில் வீடாம், கிராணி குடும்பம் தொழிலாளி இல்லை, ஸ்டாஃப் என்று சொல்லிப் பட்டியலில் சேர்க்கவில்லையாம். அவன் குடும்பம் இருக்கிற கிராணி பங்களாவையும் திங்கட்கிழமை இடிக்கிறார்கள். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் தெருவில் நிற்க வேண்டும். முன்பணத்துக்கு எத்தனையோ பேரைக் கேட்டும் கடன் கிடைக்கவில்லை. "அதுல ஒரு சென் நான் திங்கலக்கா. எல்லாத்தையும் வூட்டுக்கேதான் கட்டுனேன்."

திருடியதை ஒழுங்காகக் கட்டியதற்கு மெடல் எதிர்பார்க்கிறான் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் அவனுக்கும் திங்கட்கிழமைதான். அதற்காக, படுத்துக் கிடக்கிறவரின் கூரையையா பிடுங்குவான்?

மணி மூன்று நாற்பது. பாஸ் விஷயத்துக்கு வந்தார். ஒரு வீட்டுக்குக் கட்டிய முன்பணத்தை இன்னொரு வீட்டுக்கு மாற்ற முடியுமா என்று புவான் சல்மியாவிடம் கேட்டார். முடியும், கட்டியவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் உடனே மாற்றலாம் என்று அந்தப் பெண் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்து வைத்தார். சன்னாசியின் வீட்டுக்கு இருபத்தோராயிரம் போக மிச்சம் பஞ்சாலைக்குத் திரும்பிவிடும். கையெழுத்து இல்லையென்றால் தேவனுக்குச் சாவியும் கிடைக்காது, மேலிடத்துக்குச் சொல்லாமல் தன்னால் அந்தக் கணக்கை இனித் தொடவும் முடியாது என்றும் சொன்னார். தேவனுக்கு எப்படியும் வீடு போய்விட்டது. பஞ்சாலைக்கு வீடு கிடைப்பது மட்டும்தான் அவன் கையில் மிச்சம் இருந்தது. நாலு மணி தாண்டினால் அதுவும் இல்லை.

அவனுக்கும் அது தெரிந்தது. பேனாவை எடுத்தான், ஆனால் தாளில் வைக்கவில்லை. கடைசியாக விற்க அவனிடம் அந்த ஒரு கையெழுத்துதான் இருந்தது.

"போலீசு வேணாங்கா. போட்டுர்றேன். ஆனா போலீசுக்குப் போக மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. சின்னப் புள்ளைங்க இருக்கு."

பஞ்சாலை பதில் சொல்லவில்லை. சுவரில் கடிகாரம் மூன்று நாற்பத்தாறைத் தாண்டியது. அவர் அவனையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு பாரத்தில் காலியாக இருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து அவன் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பாஸ் என் செருப்பை மிதித்தார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

"உங்க கையால சாப்பிட்டவங்கா நான். உங்களால முடியாது, எனக்குத் தெரியும்" என்றான் தேவன், தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்கிற மாதிரி. அவருடைய மௌனத்தை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு. பேனா தாளில் இறங்கியது. அப்பாவின் புத்தகத்தில் எழுதிப் பழகிய அழகான கையெழுத்து.

புவான் சல்மியா பாரத்தை இழுத்தார். முத்திரை குத்தினார். கணினியில் தட்டினார். அது யோசித்தது. எனக்கு அந்த நேரத்தில் தெரிந்த துஆவெல்லாம் பாதி பாதியாக வந்து போனது. மூன்று ஐம்பத்து மூன்றுக்கு அச்சடித்த தாள் வெளியே வந்தது. சன்னாசி, மூன்றாவது வரிசை, முழுத்தொகையும் செலுத்தப்பட்டது. பஞ்சாலை கணவருக்குப் பதிலாக மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். சாவி அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதை எண்ணிப் பார்த்தார். வாசலுக்கு இரண்டு, பின்கதவுக்கு ஒன்று.

தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டபின் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, போலீஸ் ஸ்டேஷன் எத்தன மணிக்கு மூடுவாங்க?"

"அது மூடவே மாட்டாங்கக்கா."

தேவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். அக்கா என்றான். பஞ்சாலை அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப அவசரமில்ல. மொதல்ல வூட்டுக்காரரத் தூக்கிட்டு வந்து புது வூட்டுல படுக்க வெச்சிருவோம். அப்புறம் போயி எழுதிக் குடுப்போம்."